ஒரு வீட்டுக்கு ஓர் அடுப்பு

ஏப்ரல் 3, வியாழன்

என்னைப் போல ஒரு முட்டாள் இந்த ஊரில் இன்னொருத்தி இருக்க முடியாது. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் நான் ஓட்டும் பள்ளி பஸ்ஸில் பிள்ளைகளை இறக்கி, பஸ்ஸை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் கட்டட இன்ஸ்பெக்டர் டன்ஹம் நிற்கிறார். வரச் சொன்னதே நான்தான். ஜூன் முதல் வாரம் பின்பக்கத் தோட்டத்தில் பெரிய பந்தல் போட பர்மிட் கேட்டிருந்தேன். பந்தல் எதற்கு என்று அவர் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போன வருடம் எங்கள் அசோர் தீவுக்காரர்கள் சங்கத்தில், தூய ஆவி விழாவின் ஏழு வாரங்களுக்கு வாரம் ஒரு வீடு என்று சீட்டுக் குலுக்கியபோது ஏழாம் வாரம், அதுவும் கடைசி வாரம், எங்கள் வீட்டுப் பெயர் வந்தது. விழாவின் வெள்ளி மகுடம் ஒரு வாரம் முழுக்க என் வீட்டில் இருக்கும். தினமும் சாயங்காலம் ஜெபமாலைக்குத் தெருவே வரும். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்கெல்லாம் சோப்பாஸ். மாட்டிறைச்சிச் சாற்றில் ஊறிய ரொட்டி, மேலே புதினா, எல்லாம் என் கையால். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து சீட்டில் பெயர் போடுகிறேன். இதற்கு முன் ஒரு வாரம்கூட விழுந்ததில்லை.

இத்தனையையும் மூச்சுவிடாமல் சொன்னேன். மனிதர் இடத்தை அளந்துகொண்டே தலையாட்டினார். வெளியே கடல்காற்று முகத்தைக் கடித்தது. வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புவதா? கீழே நிலவறைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கீரை சூப் ஊற்றிக் கொடுத்தேன். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தார்.

“மேலயும் ஒரு சமையலறை இருக்கா மேடம்?”

“இல்லாமலா? வந்து பாருங்க சார்!”

நானே! நானேதான் முன்னால் படியேறிப் போனேன். “பாருங்க, கடையிலேருந்து வந்த அன்னிக்கு எப்படி இருந்துதோ அப்படியே இருக்கு. இதுல ஒரு பால்கூடக் காய்ச்சினதில்ல!”

அடுப்பின் மேல் விரித்திருந்த லேஸ் துணியைப் பார்த்தார். அதன் நடுவில் வைத்திருந்த பீங்கான் சேவலைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“இது ஒற்றைக் குடும்ப மண்டலம் மேடம். ரெண்டு சமையலறை இருந்தா சட்டப்படி ரெண்டு வீடுன்னு கணக்கு.”

தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

என் வீட்டுக்காரன் ஜில்லிடம் சொன்னேன். மீன்பிடிப் படகிலிருந்து இன்றுதான் இறங்கியிருந்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “போலீஸ்காரனைக் கூப்பிட்டு, உக்காரவெச்சுச் சோறு போட்டு, திருட்டு நகையைக் காட்டின மாதிரி இருக்கு” என்றான். தட்டைப் பிடுங்கிவிட்டேன்.

இதில் என்ன திருட்டு? அசோர் தீவிலிருந்து கடல் தாண்டி இங்கே குடியேறிய எங்கள் ஆட்களில் எந்த வீட்டில் இரண்டு அடுப்பு இல்லை? மீன் வறுப்பது, வெங்காயம் தாளிப்பது, பிள்ளைகளை வளர்ப்பது, சண்டை போடுவது எல்லாம் கீழே. மேலே இருப்பது மின்னுவதற்கு. மேலே சமைத்தால் திரைச்சீலையில் வாசனை ஏறாதா?

பக்கத்து வீட்டு இதாலினா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். “எதுக்குடி அந்த ஆளைக் கீழ கூட்டிட்டுப் போன?”

“குளிருச்சு, பாவமா இருந்துது.”

“பாவமாம்! இப்ப தெருவுல இருக்கிற எல்லாரும் பாவம்.” சொல்லிவிட்டு விறுவிறுவென்று போனாள். சாயங்காலம் பார்த்தால் அவள் வீட்டு நிலவறை ஜன்னலுக்கு உள்ளே கம்பளி தொங்குகிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

பந்தலுக்கு பர்மிட் வந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் வந்தது. கீழ் அடுப்பின் எரிவாயுக் குழாயில் சிவப்பு அட்டை. டன்ஹம் தானே வந்து கட்டினார். கீழ் அடுப்பை எடுக்க வேண்டும், இல்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம். முடிவு தெரியும்வரை பற்றவைக்கக் கூடாது. அதுவரை பக்கத்துத் தெருவில் என் நாத்தனார் வீட்டில் சமைத்துக் கொண்டுவர வேண்டியதுதான், மேல் அடுப்பைத் தொடமாட்டேன்.

“சூப் ரொம்ப நல்லா இருந்துது மேடம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல” என்றார். காது சிவந்திருந்தது. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், “ரொட்டி கொஞ்சம் எடுத்துட்டுப் போறீங்களா?” என்றுதான் வந்தது. வேண்டாம் என்று ஓடாத குறையாகப் போய்விட்டார்.

இப்போது என்ன செய்வது? சோப்பாஸுக்குச் சாறு காய்ச்சும் பெரிய அண்டாக்கள் மேல் அடுப்பில் உட்காராது. சங்கத்தின் விதியோ கறார். மகுடம் எந்த வீட்டிலோ சாறும் அந்த வீட்டிலேயே கொதிக்க வேண்டும். முடியாதென்றால் வாரம் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். தலைவருக்கு போன் செய்தேன். “மே மாசக் கடைசிக்குள்ள சொல்லிடும்மா” என்றார். அடுத்த பெயர் யாரென்று கேட்கவில்லை. கேட்டால் அந்த ஆளின் முகத்தில் என்னால் முழிக்க முடியாது.

விடுவேனா? விடமாட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

மேல்முறையீடு கொடுத்தாகிவிட்டது! மண்டல மேல்முறையீட்டு வாரியம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. டவுன் ஹாலில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். என் நிலத்தை ஒட்டிய வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தபால் போகும். பத்திரிகையில் விளம்பரம் வரும். மே எட்டாம் தேதி வாரியத்தின் ஐந்து பேர் முன்னால் நான் நின்று பேச வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து ஆதரவாகவோ எதிராகவோ பேசலாம்.

“வக்கீல் வெச்சுக்கலாமா?”

“வெச்சுக்கலாம். ஆனா நீங்களே பேசிடுவீங்க போல இருக்கு” என்றாள். அவளிடம் சோப்பாஸ் எப்படிச் செய்வதென்று ரொட்டி ஊறுகிற இடம்வரைக்கும் சொல்லியிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் காலி சீட்டுகளுக்கு முன்னால் பேசிப் பழகினேன். “மதிப்புக்குரிய வாரியத்தாரே!” கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

பத்திரிகையில் என் பெயர்! பழைய படகு விற்பனைக்கும் காணாமல்போன பூனைக்கும் நடுவில். ஜில் அதைக் கத்தரித்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறான். பூனையையும் சேர்த்து.

மே 2, வெள்ளி

எனக்காகப் பேச ஆள் தேடித் தெருவில் இறங்கினேன். கேட்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான். “இது எங்க வழக்கம், நாங்க எல்லாரும் இப்படித்தான்” என்று யாராவது எழுந்து சொன்னால் போதும்.

யாருக்கும் கீழே அடுப்பே இல்லையாம்! கதவைத் திறந்தவுடன் கீழேயிருந்து பூண்டு வாசனை குப்பென்று வருகிறது, வீட்டுக்காரி என் கண்ணைப் பார்த்துச் சொல்கிறாள். “கீழ வெறும் துணி துவைக்கிற மெஷின்தான் ஒடீலியா.” துணியைப் பூண்டு போட்டுத் துவைக்கிறாள் போல.

கடைசியாக இதாலினா. என் மகளுக்கு ஞானத்தாய். என் சமையலறையில் பாதி கரண்டி அவளுடையது.

“நீ வந்து நின்னாலே போதும்டி. பேசக்கூட வேண்டாம்.”

“டன்ஹம் அங்க உக்காந்திருப்பான். ‘நீங்க எந்த வீடு’ன்னு கேப்பான். அப்புறம் என் அடுப்புக்கும் சிவப்பு அட்டை.”

“அப்ப என் அடுப்பு போனா பரவாயில்லையா?”

“நீதானே கூட்டிட்டுப் போன! நான் கூட்டிட்டுப் போனேனா?”

“உன் வீட்டுக்கு வந்திருந்தா நீ அந்தக் குளிர்ல வெளியவே நிக்கவெச்சிருப்ப. கஞ்சப்பிசினாரி!”

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவள் கதவைச் சாத்திவிட்டாள். நல்லது. போகட்டும். எனக்கென்ன? ஒன்றுமில்லை. வரும் வழியில் அழுதேன், அவ்வளவுதான்.

மே 8, வியாழன்

வாரியத்தின் முன்னால் நின்று பேசிவிட்டேன். பயமே இல்லை, எனக்கு இது பிடித்திருக்கிறது!

நீள மேசை. ஐந்து பேர். நடுவில் தலைவி திருமதி ஸ்வெயின், மூக்கு நுனியில் கண்ணாடி. எனக்கு முன்னால் ஒருவர் சாலையை ஒட்டினாற்போலப் படகுக் கொட்டகை கட்ட அனுமதி கேட்டார். “விதிவிலக்கு வேணும்னா நிலத்துல ஏதாவது சிரமம் இருக்கணும். பாறை, சரிவு, கோணல். உங்க நிலத்துல என்ன சிரமம்?” என்று ஸ்வெயின் கேட்டார். “பின்பக்கம் கட்ட என் மனைவி விடமாட்டேங்கறா” என்றார் அவர். “மனைவி நிலத்துல சேர்த்தி இல்ல” என்றார் ஸ்வெயின். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்தது நான்தான்!

பேசினேன். மகுடம், சீட்டு, சாறு, திரைச்சீலை எல்லாம் சொன்னேன். நேரம் முடிந்ததென்று மணியடித்ததுகூடக் கேட்கவில்லை, ஜில் பாவாடையைப் பிடித்து இழுத்தான். ஸ்வெயின் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. “இதெல்லாம் சரி. நாளைக்கு நீங்க வீட்டை வித்துட்டுப் போனா, வாங்கறவர் கீழ ஒரு குடும்பத்தைக் குடிவைக்க மாட்டார்னு என்ன நிச்சயம்?”

“நான் எதுக்கு விக்கப்போறேன்?” என்றேன், அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

இன்னொரு பக்கத்து வீட்டுக்காரர் ஆல்டன் எழுந்தார். ஓய்வுபெற்ற கப்பல் மாலுமி, பேசினால் வார்த்தைக்கு வரி கட்டவேண்டும் என்பதுபோலப் பேசுபவர். எதிர்ப்புத் தெரிவித்தார்! “கீழ்வீட்டுக்கு ஆள் வருவான். ஆளுக்கு கார் இருக்கும். கார் என் வாசல்ல நிக்கும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என் கிறிஸ்துமஸ் இனிப்பு ரொட்டியை வருடா வருடம் வாங்கித் தின்ற வாய் அது.

“எந்த ஆள்? எங்க இருக்கான் அந்த ஆள்? காட்டுங்க!” என்று கத்திவிட்டேன். ஸ்வெயின் சுத்தியலால் தட்டினார். வாரியம் நேரில் வந்து பார்க்கும், இருபத்திரண்டாம் தேதி முடிவு.

எங்கள் தெருவிலிருந்து ஒரு ஆள் வரவில்லை. ஒரு ஆள்.

மே 17, சனி

இன்றைக்குப் பட்ட வேதனை என் எதிரிக்கும் வரக்கூடாது.

வாரியத்தின் ஐந்து பேரும், டன்ஹமும், ஆல்டனும் என் வீட்டுக்கு வந்தார்கள். முந்தின நாளே நாத்தனார் வீட்டில் இனிப்பு ரொட்டி சுட்டு, சீஸ் நறுக்கி, லிங்விசா தொத்திறைச்சியையும் அவள் அடுப்பில் வறுத்துக் கொண்டுவந்து மேசை நிறைய வைத்திருந்தேன். ஸ்வெயின் வாசலிலேயே கையை உயர்த்தினார்.

“எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணிகூட வேண்டாம். இங்க நாங்க வழக்கைப் பத்திப் பேசவும் கூடாது. பார்க்க மட்டும்தான்.”

“ஒரு காப்பி?”

“காப்பி குடிச்சா என் ஓட்டு செல்லாதும்மா.”

ஏழு பேர் என் வீட்டுக்குள்ளே, வாயில் ஒன்றும் போடாமல்! நிலவறையின் உயரத்தை அளந்தார்கள். தோட்டத்துக்குத் திறக்கும் கதவைத் திறந்து மூடினார்கள். கீழே படுக்கை இருக்கிறதா, குளியலறை இருக்கிறதா என்று பார்த்தார்கள். இரண்டும் கிடையாது. மேலே போய் லேஸ் துணியையும் பீங்கான் சேவலையும் பார்த்தார்கள். கடைசி உறுப்பினர், தடித்த மனிதர், தொத்திறைச்சித் தட்டைத் தாண்டும்போது நின்று கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார். ஸ்வெயின் அவர் முழங்கையைப் பிடித்து நகர்த்திக்கொண்டு போனார்.

அவர்கள் போனபிறகு ஜில் ஒற்றை ஆளாக மேசையைக் காலி செய்தான். “எனக்கு ஓட்டு இல்ல, நான் சாப்பிடலாம்” என்றான்.

வேலிக்கு அந்தப் பக்கம் இதாலினாவின் திரை அசைந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மே 22, வியாழன்

வந்ததும் எழுதுகிறேன், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

முதலில் ஆல்டனைப் பேச அழைத்தார்கள். அந்த மனிதர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. “அவங்க எங்க சமைச்சா எனக்கென்ன? அந்த வெங்காய வாசனை எனக்குப் பழகிடுச்சு. சொல்லப்போனா பிடிக்கும். கீழ வாடகைக்கு ஆள் வரக்கூடாது, அவ்வளவுதான். ரெண்டுல ஒண்ண எடுத்துட்டா எனக்குப் பேச்சே இல்ல. எதுன்னாலும் சரி.”

ஸ்வெயின் பேனாவைக் கீழே வைத்தார். “எதுன்னாலும்” என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். டன்ஹமிடம் திரும்பினார். “வீட்டுக்கு ஒரு சமையலறைன்னு விதி. எந்த மாடியில இருக்கணும்னு சொல்லியிருக்கா?”

டன்ஹம் பக்கங்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். “இல்ல மேடம். உயரம் இருக்கணும், வெளிய போகக் கதவு இருக்கணும். ரெண்டும் இருக்கு.”

“திருமதி ஃபுர்த்தாதோ, உங்களுக்கு எந்த அடுப்பு வேணும்?”

இத்தனை நாளில் யாருக்கும் இது தோன்றவில்லை. எனக்கும்தான்! மேலே இருப்பதுதான் வீட்டின் சமையலறை. கீழே இருப்பதில்தான் எல்லோரும் சமைப்போம், வெளியே சொல்லமாட்டோம். மேல் அடுப்பு வந்த அன்று தெருவே வந்து பார்த்தது. ஜில் பனிக்காலமெல்லாம் கடலுக்குப் போய் வாங்கியது அது. அவனைத் திரும்பிப் பார்த்தேன். மனுஷன் தன் நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான், வேறு யார் வீட்டு விஷயமோ என்பதுபோல. உதட்டோரம் மட்டும் சிரிப்பு.

“கீழ அடுப்பு” என்றேன். “மேல இருக்கிறதை எடுத்துடறேன்.”

“அடி பைத்தியக்காரி!” என்று பின்னாலிருந்து ஒரு கத்தல். “மேல் அடுப்பையா! அதுல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளைக்கூட நீ இன்னும் உரிக்கலையேடி!”

கூடமே திரும்பியது. கடைசி வரிசையில் இதாலினா, தலையில் முக்காடு, கோட்டு பட்டன் கழுத்துவரை. எப்போது வந்தாள்?

“பேசினா பேரும் விலாசமும் சொல்லணும் மேடம். பதிவுக்கு வேணும்” என்றார் ஸ்வெயின்.

அவள் முகம் வெளிறிவிட்டது. கதவைப் பார்த்தாள். டன்ஹமைப் பார்த்தாள். ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“இதாலினா பொத்தெல்யோ. கிளிஃபோர்ட் தெரு. இவ பக்கத்து வீடு.”

“மேல் அடுப்பை உபயோகிக்கறதில்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மேல யாராவது சமைப்பாங்களா? மேல இருக்கிறது வர்றவங்க பார்க்கறதுக்கு. கீழதான் குடும்பமே இருக்கும். வாடகைக்கு விட்டா நாங்க எங்க போய் உக்காருவோம்? எங்க எல்லார் வீட்லயும்…” நின்றாள். டன்ஹமின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. இதாலினா முக்காட்டை இறுக்கிக்கொண்டாள். “எல்லார் வீட்லயும் அப்படித்தான். என் வீட்லயும்.”

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மேல் அடுப்பை எடுத்தவுடன் சிவப்பு அட்டை நீங்கும். ஐந்து கைகளும் உயர்ந்தன. தடித்த மனிதர் கை முதலில். நான் ஜில்லைக் கட்டிக்கொண்டேன், பிறகு யாரென்று பார்க்காமல் ஆல்டனையும் கட்டிக்கொண்டேன். மரம்போல நின்றார்.

வெளியே இதாலினா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். “யாருடி உன்னைக் கத்தச் சொன்னது?” என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. ஆனால் முனையில் விளக்குக் கம்பத்துக்கு அடியில் நின்றாள், நாங்கள் வந்து சேரும்வரை. பிறகு மூன்று பேரும் சேர்ந்து நடந்தோம்.

மே 24, சனி

மேல் அடுப்பு போய்விட்டது. ஜில்லின் படகில் வேலை செய்பவனின் மகனுக்குக் கல்யாணம், அவனுக்குக் கொடுத்தோம்.

ஆட்கள் வருவதற்கு முன்னால் லேஸ் துணியை மடித்தேன். பிளாஸ்டிக் தாளை உரித்தேன். தீக்குச்சி எதுவும் வேண்டாம், திருகினால் தானே பற்றிக்கொள்கிறது! இது எனக்கு இன்றுவரை தெரியாது. முட்டையும் லிங்விசாவும் போட்டு ஜில்லுக்குக் கொடுத்தேன். மென்று பார்த்தான். யோசித்தான்.

“ஒடீலியா, தப்பா நினைக்காத. கீழ அடுப்பைவிட இதுல நல்லா வேகுது.”

“வாயை மூடிட்டுத் தின்னு.”

ஆனால் உண்மைதான். நெருப்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராக நின்றது. இத்தனை வருடம் அதைத் துடைத்துத் துடைத்து வைத்தேனே என்று நினைத்தபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. யார் பார்க்க வைத்திருந்தேன்? வந்தவர்கள் எல்லோரும் நேரே கீழேதான் இறங்கினார்கள்.

மத்தியானம் டன்ஹம் வந்து சிவப்பு அட்டையை அவிழ்த்தார். சங்கத் தலைவருக்கு போன் செய்து “மகுடத்தை அனுப்புங்க!” என்று கத்தினேன். காது வலிக்கிறது என்றார்.

ஜூன் 1, ஞாயிறு

மகுடம் வந்துவிட்டது. மேலே, அடுப்பு இருந்த மூலையில், படிப்படியாக வெள்ளைத் துணி விரித்து, ரோஜாவுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். என்னால் அந்த அறையை விட்டு நகர முடியவில்லை.

ஜூன் 5, வியாழன்

ஜெபமாலைக்குக் கூட்டம் படிவரை. இதாலினா தினமும் வருகிறாள், கரண்டியோடு. மன்னிப்பு நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. வெங்காயம் உரிக்கிறோம்.

ஜூன் 9, திங்கள்

உடம்பில் ஒரு எலும்பு மிச்சமில்லாமல் வலிக்கிறது. இவ்வளவு சந்தோஷமான வலியை நான் பட்டதில்லை. நேற்று அண்டாக்கள் காலியாகும்வரை ஊர் சாப்பிட்டது. புதினா போதவில்லை என்று யாரோ ஒருத்தி சொன்னாள், யாரென்று எனக்குத் தெரியும், இருக்கட்டும்.

சாயங்காலம் பந்தலில் அடுத்த வருடத்துக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். ஒரு சின்னப் பெண் எடுத்தாள். ஏழாம் வாரம்: இதாலினா பொத்தெல்யோ. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கை சில்லென்றிருந்தது.

இன்று காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால் பஸ் நிறுத்துமிடத்தில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, கைப்பை.

“டன்ஹம் என் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நானே போய்ச் சொல்லிடறேன். டவுன் ஹால்ல எந்த ஜன்னல்னு காட்டு.”

“நிஜமாவா?”

“மேல் அடுப்பை எடுக்க ஆளுக்குச் சொல்லிட்டேன். இப்ப திரும்பிப் போன்னு மட்டும் சொல்லாத, போயிடுவேன்.”

டவுன் ஹாலுக்கு நடந்தே போனோம். கதவைத் திறந்தால் அந்த ஜன்னலுக்கு முன்னால் வரிசை நிற்கிறது. முதலில் பூண்டு போட்டுத் துணி துவைக்கிறவள். அவளுக்குப் பின்னால் அவள் எதிர்வீட்டுக்காரி. அதற்கும் பின்னால் இன்னும் இருவர், எல்லாம் எங்கள் தெருதான். ஒருத்தி கூரையைப் பார்க்கிறாள், ஒருத்தி செருப்பைப் பார்க்கிறாள், யாரும் யாரையும் பார்க்கவில்லை.

இதாலினா ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். பிறகு கைப்பையை முன்னால் பிடித்துக்கொண்டு வரிசைக்குள் நுழைந்தாள்.

“தள்ளி நில்லுங்கடி” என்றாள். “அடுத்த வருஷம் மகுடம் என் வீட்டுக்கு வருது.”